பத்தரை முதல் பன்னிரண்டு வரை

மென்பொருள் எழுதும் என் தொழில்காரர்கள் எந்த ஊரிலும் வெள்ளிக்கிழமை புது ரிலீஸ் போடப் பயப்படுவார்கள். உடைந்தால் சனி, ஞாயிறு பாழ். எங்களுக்கோ வெள்ளிதான் உகந்த நாள். திருநகரில் மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி, ஆறு நாற்காலி, சுவரில் தினசரி காலண்டர். காலையில் முதலில் வருகிறவர் தாளைக் கிழித்து, அன்றைய நல்ல நேரத்தை வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும் மென்பொருள் செய்து தருகிற கம்பெனி. சர்வர்கள் மும்பையில் வாடகைக்கு ஓடுகின்றன. அவற்றை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத உடம்புகளுக்கு வைத்தியம் பார்த்தே பல வருடம் போய்விட்டது.

முதலாளி உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், என்னைவிட இளையவர். அவர் போட்ட ஒரே சட்டம், ராகு காலத்தில் சர்வரைத் தொடக்கூடாது. நாங்கள் அதை மதித்தோம். மதித்தபடியே ஏய்க்கவும் செய்தோம். வெளியூர் போகிறவர்கள் ராகு காலம் பிறக்குமுன் பையை மட்டும் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதுபோல நாங்களும் வெள்ளிக்கிழமை பத்து இருபத்தெட்டுக்கு ஒரு வெற்றுக் கட்டளையைத் தட்டி வைப்போம். பதினொன்றுக்கு ரிலீஸ் போட்டாலும் அப்புறம் தோஷமில்லை.

ஆஸ்பத்திரிகளின் புகார்களைக் கவனிக்கிறவர் பரவையிலிருந்து வரும் ஒரு பெண். அவர் வீட்டில் எல்லோரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள், கணவரும் அப்படித்தான்.

"அண்ணே, ராகு எங்க சர்ச் பக்கமே வர்றதில்ல. அவசரம்னா என் பேர்ல போட்டு விடுங்க."

"போடுறேன். முதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

"எதுக்கு, எனக்குத் திருநீறு பூசி உக்கார வைக்கவா?"

அந்தச் சிரிப்பெல்லாம் நான் ஒழுங்குசெய்யக் கிளம்புவதற்கு முந்தைய காலம். எனக்கு அப்போது ஒரு வெறி. ஆள் ஆளுக்கு சர்வருக்குள் நுழைந்து கைவைப்பதும், சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை மாற்றிவிட்டு மறந்துபோவதும் போதும் என்று தோன்றிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பாதை போட்டேன். எழுதியதைச் சேர்த்தால் அதுவே சோதித்து, அதுவே மும்பைக்குக் கொண்டுபோய் ஏற்றும். மனிதக் கை படாது.

முதலாளி பார்த்தார். "அண்ணே, இதுல ராகு காலத்தையும் போட்டுருங்க."

சிரித்தேன். போட்டேன். ஏழு நாளுக்கு ஏழு ஒன்றரை மணி நேரம். சர்வரின் கடிகாரம் நம்முடையதற்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும், அதையும் சரிசெய்தேன். பத்து இருபத்தெட்டு வேலையை ஓட்டை என்று கண்டு அடைத்தேன். சர்வருக்குள் நுழைய எல்லோரும் வைத்திருந்த சாவிகளையும் பிடுங்கினேன். மாஸ்டர் சாவி முதலாளியிடம் மட்டும். அதற்கும் அவர் போனுக்கு ஒரு குறியீட்டு எண் வந்தால்தான் உள்ளே போகலாம். அந்தத் தடையை மாற்ற வேண்டுமானாலும் அந்தத் தடை வழியாகத்தான் போக வேண்டும். மறித்தால் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு, பக்கத்தில் வேடிக்கைக்காக ஒரு சின்னப் பாம்புப் படம். என் வாழ்நாளில் நான் எழுதிய மிக ஒழுங்கான வரிகள் அவை.

அந்தப் பெண்ணின் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அவர் போகிற மையத்தில் எங்கள் மென்பொருள்தான். அந்த வாரம் புதன்கிழமை மையத்தின் தண்ணீர் சுத்திகரிப்பு பழுதாகி யாருக்கும் நடக்கவில்லை.

"கால்ல விரல வச்சு அமுக்குனா குழி அப்படியே நிக்குதுண்ணே," என்றார் வியாழக்கிழமை. "நாளைக்கு மொத ஆளாப் போகச் சொல்லிருக்கேன்."

வெள்ளி காலை ஒன்பது நாற்பது, நல்ல நேரம். புது ரிலீஸ் போனது. மையத்துக்காரர்கள் கேட்டபடி அதில் ஒரு வரி சேர்த்திருந்தேன். முந்தைய முறை வராதவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், மெஷின் வீணாகக் காத்திருக்கக் கூடாது. மையமே மூடிக்கிடந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. புதன்கிழமைக்காரர்கள் அத்தனை பேரும் வராதவர்களாகிக் காணாமல் போனார்கள். யார் உடம்பில் நீர் அதிகம் தேங்கி நின்றதோ, அவர்கள் மட்டும்.

அந்தப் பெண்ணின் போன் அடித்தது, கணவர்தான். "பேரு இல்லையா? நல்லாப் பாக்கச் சொல்லுங்க." என் பக்கம் திரும்பினார். "அண்ணே, லிஸ்ட்ல அவரு பேரு இல்லயாம். ஸ்கிரீன்ல வந்தாத்தான் இன்சூரன்ஸ் அனுமதிக்குமாம். மெஷின் குடுக்க மாட்டேங்குறாங்க."

பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு வரி. அழித்து அனுப்பினேன்.

சிவப்பு. 'ராகு காலம். பன்னிரண்டு மணிக்கு மேல் முயலவும்.' பாம்பு.

பழைய ரிலீசையே திருப்பிப் போடப் பார்த்தேன். பாம்பு. தடையையே நீக்கப் பார்த்தேன். பாம்பு.

முதலாளி குலதெய்வம் கோயிலில் இருந்தார், உசிலம்பட்டியைத் தாண்டிக் காட்டுக்குள். மூன்றாவது தடவை எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ராகுவாவது மண்ணாவது! ஓடச்சு எடுங்கண்ணே!"

"உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாருங்க."

"ஒண்ணும் வரலயே. இங்க டவரு வந்து வந்து போகுது. பைக்க எடுத்துட்டு ரோட்டுக்குப் போறேன், இருங்க."

ஒரே மூச்சில் விட்டுவிட்டார். நம்பியவர் அவர். நம்பாத நான் எழுதி வைத்தது விடவில்லை.

அந்தப் பெண் இரண்டு குரலில் பேசிக்கொண்டிருந்தார். கணவரிடம், "படுக்காதீங்க, மூச்சு முட்டும். சாஞ்சு உக்காருங்க." மையத்திடம், "சப்போர்ட்லருந்து பேசுறேன் மேடம். சரிபண்ணிட்டிருக்காங்க. ஆமா மேடம், அவரு என் வீட்டுக்காரருதான்."

பதினொன்று வரை கணவருக்கான மெஷினைக் காலியாக வைத்திருந்தார்கள். அதற்கு மேல், பட்டியலில் பெயர் இருந்த ஒரு செவ்வாய்-வெள்ளிக்காரருக்குப் போனது. இனிப் பன்னிரண்டரைக்குத்தான் ஒன்று காலியாகும் என்றார்கள்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரவாண்ணே?" என்று கேட்டார். "அங்க போயி வரிசைல நிக்கிற நேரத்துக்கு இது வந்துரும்ல?"

"வந்துரும்," என்றேன்.

எவ்வளவோ சொற்களை எழுதி அழித்திருக்கிறேன். அந்த ஒன்றை அழிக்க முடியவில்லை.

பதினொன்று ஐம்பத்து நான்குக்கு முதலாளி எண்ணைப் படித்தார், மூச்சிரைக்க. உள்ளே நுழைந்தேன். தடை இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாகிவிட்டது. திருத்தத்தை மறுபடி அனுப்பினேன், பச்சை வந்தது. எல்லாப் பெயர்களும் பட்டியலில் வந்து உட்கார்ந்தன, அந்தப் பெண்ணின் கணவருடையது முதலாவதாக. பன்னிரண்டு இருபதுக்கு அவர் மையத்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. சனிக்கிழமை காலை இறந்துபோனார்.

இதயம் ஏற்கெனவே பலவீனம், எந்த வாரமும் நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை சீக்கிரமே அலுவலகம் போய்த் தடையை அழித்து அனுப்பினேன். திங்களுக்கு ராகு ஏழரை முதல் ஒன்பது. நான் தட்டியபோது ஏழு முப்பத்தொன்று. ஒன்பது வரை உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் வாரம் அந்தப் பெண் வேலைக்கு வந்தார். மையத்துக்கு நடந்ததை விளக்கி அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. "உள்ளத எழுதுங்கண்ணே," என்றிருந்தார் முதலாளி. "ராகு காலம்னு மட்டும் வேணாம். பராமரிப்பு நேரம்னு போட்டுருங்க." போட்டிருந்தேன். நானே அனுப்பிவிடுகிறேன் என்றதற்கு அந்தப் பெண் விடவில்லை.

"அது என் வேலைதானண்ணே."

நெடுநேரம் படித்தார். பிறகு கூப்பிட்டார்.

"முதல் புகார் பத்து அம்பத்திரெண்டுன்னு போட்டிருக்கீங்க."

"சென்டர்லருந்து மெயில் வந்த நேரம்மா அது."

தன் போனில் வந்த அழைப்புகளைத் திறந்து, அந்த நாள் வரை கீழே கீழே தள்ளிப்போய், கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பத்து முப்பத்தி மூணுண்ணே. மொதல்ல புகார் பண்ணது இவரு."

ஐம்பத்திரண்டை அழித்து முப்பத்து மூன்று என்று மாற்றினார். புகார் அளித்தவர் என்ற கட்டத்தில் மையத்தின் பெயரை எடுத்துவிட்டு, 'நோயாளி' என்று அடித்தார். 'பராமரிப்பு நேரம்' என்ற இடத்தில் அவர் கண் சற்று நின்றது. அதைத் தொடவில்லை.

"அனுப்பட்டாண்ணே?"

தலையாட்டினேன்.