நாவல் கன்று நின்ற மேடு

என் கணவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு ஆகாது. மற்ற நாட்களில் பால்காரர், கூரியர் என்று யாராவது மணி அடிப்பார்கள். ஞாயிறன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககமே தூங்கும். பிள்ளை குட்டி கிடையாது. குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே சில நாள் குக்கரைத் திட்டியிருக்கிறேன்.

அதனால்தான் புல்வெளி ஒன்றைக் காக்கும் ஓர் அறக்கட்டளைக்குப் போனேன். பூமியைக் காப்பாற்றும் ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. ஏரியை ஒட்டி நாலு ஏக்கர் புல்வெளி. பிளாட் போட ஆள் மேல் ஆள் வந்தும் மசியாமல், ஊரின் பழைய குடும்பம் ஒன்று அதை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்திருந்தது. ஞாயிறு காலை பத்துப் பதினைந்து பேர் கூடி முள்செடி பிடுங்குவோம், பாட்டில் பொறுக்குவோம். அங்கே ஒரே ஒரு சட்டம்: மரம் வைக்கக் கூடாது. ஆட்காட்டிக் குருவி திறந்த வெளியில், வெறும் சரளையில்தான் முட்டையிடும். மரம் வந்தால் காக்கை வந்து உட்காரும், முட்டை போச்சு. இதை எனக்குச் சொன்னவள் அங்கே எல்லாவற்றையும் நடத்திய பெண். ஐ.டி. வேலை, கையில் எப்போதும் ஒரு நோட்டு. முட்டை கண்ட இடத்தையெல்லாம் அதில் படம் போட்டுக் குறிப்பாள்.

"மரம் நடுறதுக்கு ஊர்ல நிறைய பேர் இருக்காங்க ஆன்ட்டி. சும்மா விடச் சொன்னாத்தான் யாருக்கும் கை நிக்காது" என்றாள்.

நானும் பெரிதாகத் தலையாட்டினேன். ஆட்டியவள் செய்த வேலையைக் கேளுங்கள்.

என் கணவர் கடைசியாக ஆசைப்பட்டுத் தின்றது தாம்பரம் ஸ்டேஷன் வாசல் தள்ளுவண்டி நாவல்பழம். ஊதா நாக்கை என்னிடம் நீட்டிக் காட்டிவிட்டு, கொட்டையைத் துளசித் தொட்டியில் துப்பினார். "அதுல போய்த் துப்புறீங்களே, கர்மம்!" என்று கத்தினேன். அவருக்குக் காரியம் முடிந்த வாரம் அது முளைத்திருந்தது. இரண்டு வருடம் வளர்த்தேன். தொட்டி போதவில்லை. கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் வைக்கலாம் என்றால், வேர் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர் சம்ப்பை உடைத்துவிடும் என்று அசோசியேஷனில் மறுத்துவிட்டார்கள். சண்டை போட்டேன், தோற்றேன். ஒரு மார்கழிக் காலையில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, புல்வெளியின் நடு மேட்டில் கொண்டுபோய் நட்டுவிட்டேன். நாலு ஏக்கரில் ஒரு கன்று, என்ன குடி முழுகிவிடும்?

வெறுமனே நட்டிருந்தால் பறவை எச்சத்தில் வந்தது என்று சாதித்திருக்கலாம். நான்தான் பாத்தி கட்டி, சுற்றிலும் அழகாகக் கல் வேறு அடுக்கி வைத்திருந்தேனே! தையில் ஒரு ஞாயிறு, எங்களோடு வரும் ஆட்டோக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா இது, எவனோ நாவக் கன்னு நட்டுகினு போய்க்கீறான்!" என்று பிடுங்கக் குனிந்தார்.

"தொட்டீன்னா கைய ஒடிச்சிடுவேன்!"

என் குரல்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என்ன, அத்தனையையும் சொல்லி அழுதேன்.

ஒருவரும் திட்டவில்லை. ஆட்டோக்காரர் தன் பாட்டிலைத் திறந்து கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். "இருந்துட்டுப் போவட்டும்க்கா. நம்ம அண்ணன்தானே" என்றார். அந்தப் பெண் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு, "சரி ஆன்ட்டி, ஒண்ணுதானே" என்றாள்.

ஒன்றோடு நிற்குமா? அடுத்த வாரம் ஆட்டோக்காரர் இறந்துபோன தன் அம்மாவுக்காக ஒரு வேப்பங்கன்று கொண்டுவந்தார். குரோம்பேட்டையிலிருந்து வரும் ஒரு சார், செத்துப்போன தன் நாய்க்கு ஒரு புங்கை. மாசி முடிவதற்குள் ஏழு கன்று, ஏழுக்கும் மூங்கில் வேலி. சாயங்காலமெல்லாம் தண்ணீர் ஊற்ற ஆள் நடமாட்டம். எனக்கோ ஒரே கொண்டாட்டம். ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோவேன், இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம். அந்த ஒரு மாதம் நான் குக்கரோடு பேசவே இல்லை.

பங்குனியில்தான் உறைத்தது. நாங்கள் உள்ளே நுழைந்தாலே தலைக்கு மேல் காது கிழியக் கத்தி விரட்டும் ஆட்காட்டி ஜோடியைக் காணவில்லை. அந்தப் பெண் வெறுங்கையோடு நின்றாள்.

"எங்கம்மா உன் நோட்டு?"

"குறிக்க ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மற்றவர்களிடம் எடுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? முதல் கன்று என்னுடையது. மறுநாள் காலை கடப்பாரையோடு போய்த் தோண்டினேன். ஆணிவேர் ஆழமாகப் போயிருந்தது. இழுத்தேன், படக்கென்று அறுந்தது. "மன்னிச்சிடுங்க" என்று அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய தொட்டியிலேயே ஊன்றினேன். ஐந்தாம் நாள் இலையெல்லாம் கொட்டிவிட்டது. வெறும் குச்சிக்கு இன்னும் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினேன், பைத்தியக்காரி.

'என் கன்றை எடுத்துவிட்டேன்' என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன். அடுத்த ஞாயிறு மற்ற ஆறு கன்றும் அங்கே இல்லை. ஆட்டோக்காரர் தன் வேம்பை ஸ்டாண்டு ஓரத்தில் வைத்துவிட்டாராம். கன்றுகள் போனதோடு சாயங்காலப் பேச்சும் போயிற்று. ஃபிளாஸ்கைக் கழுவி மேல் தட்டில் வைத்தேன்.

சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிறு, வெயிலுக்குப் பயந்து ஒருவரும் வரவில்லை. அந்தப் பெண்ணும் வெளியூர். நான் மட்டும் போனேன். மேட்டில் கால் வைத்ததும் தலைக்கு மேல் அந்தக் கத்தல். கன்று நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி, சரளையோடு சரளையாக நாலு முட்டை. அந்தப் பெண்ணுக்குப் போனில் செய்தி அனுப்பினேன். குருவி விடாமல் என் தலையைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று கேட்டேன். அன்றைக்கு முழுக்க என்னைப் பார்த்து வாய் திறந்தது அது ஒன்றுதான். அதுவும் போகத்தான் சொன்னது. போனேன்.