சுவருக்கு மேற்கே

காலை 7.40. கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டியில் ஏறினேன். முட்லூரில் இறங்கிப் பரங்கிப்பேட்டைக்கு மாறுவது என் திட்டம். வண்டி இடையில் எங்கும் நிற்காது என்பதை நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகுதான் சொன்னார். ஆக, இறங்க வேண்டிய ஊரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கடந்து, முப்பத்தெட்டு ரூபாய்க்குச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். கோயில் பக்கம் போக மனமில்லை. ஒரு காபி குடித்துவிட்டு, டவுன் பஸ்ஸில் பதினாறு கிலோமீட்டர் திரும்பினேன். பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். செம்மண்டலத்தில் எங்கள் நலச்சங்கத்துக்கு ஒரு காலி மனை உண்டு. அதில் கூடம் கட்ட இரண்டு வரைபடங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, நாலு பக்கமும் அடைத்து ஏசி போட்ட மண்டபம். மற்றது, ஓர் இளம் பெண் ஆர்க்கிடெக்ட் வெயிலும் காற்றும் பார்த்து வரைந்த திறந்த கூடம். அவர் பரங்கிப்பேட்டையில் முன்பே கட்டிய அதே மாதிரிக் கூடத்தை நேரில் பார்த்து வரும்படி, பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற என்னை அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை என் சொல்லை வைத்து முடிவெடுப்பார்கள்.

இதில் என் சுயநலமும் இருக்கிறது. மனைவி தவறிய பிறகு பகல் முழுவதும் எனக்குப் பேச ஆளில்லை. ஏசி மண்டபம் வந்தால் கல்யாணத்துக்கு வாடகை, மற்ற நாட்களில் பூட்டு. திறந்த கூடம் வந்தால் போய் உட்காரலாம். ஆனால் அங்கே இன்னொருவரும் வர வேண்டுமே. ஜனங்கள் வருகிறார்களா என்று பார்க்கத்தான் போனேன்.

10.15. பரங்கிப்பேட்டைக் கூடம். வாசல் தெருவைப் பார்த்துக் கிழக்கே இருக்கிறது. ஒரு படி தேவைக்கு மேல் உயரம், முழங்கால் சொன்னது. மேற்குச் சுவர் மட்டும் பழையது. கப்பல் வியாபாரம் நடந்த காலத்துக் கிடங்கின் மிச்சமாம். மெல்லிய செங்கல், சுண்ணாம்புக் காரை, இரண்டடி கனம், ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அதை இடிக்காமல் அதோடு சேர்த்தே கூடத்தை எழுப்பியிருக்கிறார் அந்தப் பெண். மற்ற மூன்று சுவர்களில் பதினொரு ஜன்னல்கள். கூரைக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டதில் வெயில் உள்ளே வராமல் வெளிச்சம் மட்டும் வந்து பழைய செங்கல் மேல் விழுகிறது. விளக்கு எதுவும் எரியவில்லை. எரியத் தேவையும் இல்லை.

ஆள்தான் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் இருபது இருந்தன. ஒன்றில் உட்கார்ந்தேன். ஒரு பூனை வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. இவ்வளவு நல்ல வெளிச்சம் பத்தொன்பது காலி நாற்காலிகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. "கட்டடம் நன்று, பயன்படுத்துவோர் இல்லை" என்று மனத்துக்குள் வாக்கியம் அமைத்தேன். அதைத் திருத்தவும் பிடிக்கவில்லை, எழுந்து போகவும் பிடிக்கவில்லை.

11.20. முக்காடு போட்ட ஓர் அம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"யாரப் பாக்கணும் மாமா?"

ஜனங்கள் எப்போது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

"காலைலயே வந்தாச்சே. இந்த வெயில்ல தெருப் பக்கம் யாரு உக்காருவாங்க? அந்தாண்ட வாங்க."

சுற்றி அழைத்துப் போனார். பழைய சுவரின் மறுபுறம் கூரை அகலமாக இறங்கியிருந்தது. அதன் கீழே சுவர் நீளத்துக்கும் ஒரு மேடை. அதில் இருபத்தாறு பேர். பூண்டு உரிப்பவர்கள், செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படிப்பவர்கள், துபாயிலிருக்கும் மகனோடு வீடியோவில் சண்டை போடும் ஒரு தாய். இத்தனை சத்தத்தில் ஒரு சொல்லும் அந்தச் சுவரைத் தாண்டி என் காதுக்கு வரவில்லை.

தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், நான் எங்கே இருந்தேன் என்று அந்த அம்மாளைக் கேட்டார். உள்ளே என்றதும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"ஒரு மணி நேரமா தனியாவா? ஜெயில்லகூட ரெண்டு பேராப் போடுவாங்க சார்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுவர் முதுகுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வெள்ளாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. சர்க்கரை உண்டா, பிள்ளைகள் எத்தனை, வீட்டம்மாவை ஏன் கூட்டி வரவில்லை என்று வரிசையாகக் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னேன். பெரியவர் மிக்சர் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

12.45. வெயில் கால்விரலைத் தொட்டது. யாரும் சொல்லாமலே எல்லாரும் எழுந்து, பாயும் கூடையுமாக வடக்கே சுற்றிக் கிழக்குப் பக்க நிழலுக்குப் போனார்கள். நானும் போனேன். உள்ளே ஒருவரும் நுழையவில்லை. விசேஷத்துக்கும் புயல் மழைக்கும்தான் உள்ளே போவார்களாம்.

4.10. கடலூர் பஸ். புதுச்சத்திரம் தாண்டும்போது சங்கச் செயலாளர் போன் செய்தார்.

"உள்ள எத்தன பேரு சார் இருந்தாங்க?"

"நான் ஒருத்தன்தான். வெளிய இருபத்தாறு பேர்."

"வெளிய உக்கார்றதுக்கா சார் நாம காசு போட்டுக் கட்டடம் கட்றோம்?"

"ஆமாம்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம நீங்களே எந்திரிச்சுச் சொல்லுங்க. என்னால ஆவாது" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

5.50. செம்மண்டலத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் மனைக்குப் போனேன். மேற்கே இருக்கும் அடுக்குமாடியின் நிழல் முக்கால் மனையை மூடியிருந்தது. இத்தனை வருடம் பக்கத்துத் தெருவில் இருந்தும், இந்த நிழல் இங்கே விழுவதை நான் பார்த்ததில்லை. நிழலுக்குள்ளே போய் நின்றேன். எனக்கு இருபுறமும் ஆட்கள் உட்கார நிறைய இடம் இருந்தது.