கீசர் மாற்றிய செலவு

கொல்லிமலைப் பள்ளிக்கு டீச்சராக மாற்றலாகி வந்த முதல் மார்கழியிலேயே, நான் குடியிருந்த வாடகை வீட்டுக் கீசர் ஒழுக ஆரம்பித்தது. "டேங்கே துருப்பிடிச்சுப் போச்சுங்க. புதுசுதான் போடணும்," என்றார் எலக்ட்ரீசியன். வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். கீசர் விலையோடு, அதை மலைக்கு ஏற்றிவரும் கூலி, புது வயர், குழாய் என்று கூட்டிப் பார்த்தால் பாதிச் சம்பளம் போய்விடும். தள்ளிப்போட்டேன்.

பக்கத்து வீட்டு செல்லம்மா அக்கா மிளகும் குச்சிக்கிழங்கும் பயிரிடுபவர். விஷயம் தெரிந்த மறுநாளே, கிழங்கு வேகவைத்து இறக்கிய அடுப்பில் எனக்கும் ஒரு குண்டா வெந்நீர் காயவைத்துத் தூக்கி வந்தார். அதுவே தினசரி வழக்கமாயிற்று. கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டார். ராத்திரி தூங்கினேனா, ஊரில் அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று வாசலிலேயே நின்று விசாரிப்பார். தண்ணீர் ஆறுகிறதே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

தை மாதச் சம்பளத்தில் புதுக் கீசர் மாட்டினேன். மறுநாள் குழாயைத் திறந்ததும் சுடச்சுடத் தண்ணீர் வந்தது. நிதானமாகக் குளித்தேன். கதவை யாரும் தட்டவில்லை. அடுத்த நாளும் தட்டவில்லை. பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே இருப்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காலி வாளியோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங்க டீச்சர், புதுசும் கெட்டுப் போச்சுங்களா?"

"ஆமாங்க்கா," என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"அதுக்கென்னங்க. உக்காருங்க கண்ணு, தண்ணி காயட்டும்," என்று அடுப்பில் விறகைத் தள்ளினார்.

சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாதே என்றிருந்தது எனக்கு.