சலாலாவில் ஒரு பிறந்தநாள் சூப்

காருக்குள் புளித்த முட்டைக்கோஸ் வாசம். ஏசியை எவ்வளவு கூட்டியும் போகவில்லை. வெளியே ஓமன் பாலைவனம், கண்ணுக்கெட்டிய வரை ஒரு மரம் கிடையாது. கண்ணாடியை இறக்கினால் அனல்... ஏற்றினால் கிம்ச்சி.

பன்னிரண்டு வருடம் இருக்கும். ஜூலை மாதம், துபாயிலிருந்து ஓமனின் தெற்குக் கோடியில் இருக்கும் சலாலாவுக்கு மூன்று பெண்கள் கிளம்பினோம். ஓட்டியது மின்ஜீ. எங்கள் கிளினிக்கின் பிசியோதெரபிஸ்ட், கொரியாக்காரி. பின்சீட்டில் ஜெனோவா. அதே கிளினிக்கில் நர்ஸ், ராமேஸ்வரம் பக்கம், துபாய் சத்வாவில் அப்போதே ஒன்பது வருடமாக என் ரூம்மேட். நான் இன்சூரன்ஸ் டெஸ்க்.

ஜூலையில் அங்கே மட்டும் மழை பெய்யும்; எல்லாரும் சலாலாவுக்கு அதைப் பார்க்கப் போவார்கள். நாங்கள் மின்ஜீயின் சமையலுக்காகவும் போனோம். "ஃபோர் டேஸ், ஒன்லி மை கன்ட்ரி ஃபுட்" என்று சொல்லியிருந்தாள். டிக்கி முழுக்க அவள் டப்பாக்கள்.

ஹைமாவில், பாதி வழியில், ரெஸ்ட் ஹவுஸில் முதல் சாப்பாடு. சோறு, அந்த முட்டைக்கோஸ் கிம்ச்சி, எள்ளெண்ணெயில் வதக்கிய கீரை. எடுத்து வைத்துவிட்டு மின்ஜீ கரண்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஜெபம் பண்றாளோ?" என்றாள் ஜெனோவா, மெதுவாக.

ஜெபம் இல்லை. மூன்று பேரில் நான்தான் மூத்தவள். மூத்தவர் கரண்டியை எடுக்காமல் இளையவர்கள் சாப்பிடக் கூடாதாம். அறிமுகமான அன்றே எதற்காக என் வயதைக் கேட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"இதுக்கு நம்மூர் மாமியாரே தேவல. எடுங்கக்கா, பசிக்குது."

எடுத்தேன். அந்தப் பயணத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

சலாலாவில் இரண்டாம் நாள் ஜெனோவாவின் பிறந்தநாள். வெளியே தூறல். நாங்கள் எடுத்திருந்த ஃபிளாட்டின் சமையலறையில், கருகிய இலை மாதிரி ஏதோ ஒன்றை ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டாள் மின்ஜீ. பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாத்திரம் நிரம்பி வெளியே வழிகிறது. பயந்தே போனேன்.

கடல்பாசி. அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு வாரக்கணக்கில் இந்த சூப்தான் கொடுப்பார்களாம். அதனால் பிறந்தநாள் அன்று, தன்னைப் பெற்றவள் பட்ட பாட்டை நினைத்து, பிள்ளையும் அதைக் குடிக்க வேண்டும். கேக்கெல்லாம் அப்புறம்தான்.

நான் முதல் வாய் குடித்தேன். வழவழப்பாக, எள்ளெண்ணெயும் கடலும் கலந்த மாதிரி. ஜெனோவா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புடிக்கலன்னா விட்டுடு, ஜெனோ."

"இது வேற பாசிக்கா. ஆனா வாசம் அதேதான்... எங்கம்மா மேல அடிக்கிற வாசம்."

சிரித்தேன். "டீச்சரம்மா மேலயா?"

"எங்கம்மா டீச்சர் இல்லக்கா. பாசி எடுக்கப் போறவங்க. வெரல்ல துணியச் சுத்திக்கிட்டு கடலுக்குள்ள முங்கி, பாறையிலேர்ந்து பிச்சு எடுக்கணும். காய வச்சு கம்பெனிக்குப் போடுவாங்க. இப்பவும் போறாங்க."

ஒன்பது வருடம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜெனோவா ஊருக்கு ஃபோன் பேசும்போது பிடுங்கி, "டீச்சரம்மா, நல்லாருக்கீங்களா?" என்பேன். "நல்லாருக்கேன் தாயி" என்று பதில் வரும். ஒரு தடவைகூட அந்தக் குரல் தடுமாறியதில்லை.

"ஏன் ஜெனோ பொய் சொன்ன?"

"மொத நாள் நான் பெட்டியத் தொறக்கறதுக்கு முன்னாடியே நீங்க சொன்னீங்கக்கா. 'கருவாடு கிருவாடு இருந்தா வெளிய வச்சிரு. நாங்க டீச்சர் குடும்பம், இந்த வாசமெல்லாம் ஒத்துக்காது'ன்னு. அடுத்தாப்ல 'உங்கம்மா என்ன பண்றாங்க'ன்னு கேட்டீங்க. நான் என்னத்தச் சொல்றது?"

எனக்கு அது நினைவே இல்லை. சொல்லியிருப்பேன் என்று மட்டும் தெரிந்தது. அதிர்ச்சியில் அதுதான் பெரிது.

"அம்மா துபாய் பாக்கணும்னு நாலு வருஷமா கேக்குறாங்க. வந்தா அவங்க கையப் பாத்ததுமே ஒங்களுக்குத் தெரிஞ்சிரும். நான்தான் விசா கெடைக்கலன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

மின்ஜீக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கிண்ணத்தை நகர்த்தி, "ஈட். ஃபார் மதர்" என்றாள். ஜெனோவா தலை நிமிராமல் குடித்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்... மூத்தவள் வைத்தால் இவர்களும் நிறுத்திவிடுவார்களோ என்று மறுபடி எடுத்தேன்.

திரும்பி வந்ததும் விசிட் விசாவுக்கு நானே டிராவல்ஸில் போய் நின்றேன். டிசம்பரில் ஜெனோவாவின் அம்மா வந்தார்கள்.

ஏர்போர்ட்டில் ஒல்லியாக ஒரு அம்மா, மொடமொடவென்று காட்டன் சேலை, முகத்தை மறைக்கிற பெரிய மூக்குக்கண்ணாடி. தரை தெரியாதவர் மாதிரி தடவித் தடவி நடந்து வந்தார்கள்.

"ஏம்மா இது? ஒனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியும்?" என்று பதறினாள் ஜெனோவா.

"டீச்சருன்னா கண்ணாடி வேணாமா? ராம்நாட்ல வாங்குனேன்." ரகசியமாகத்தான் சொன்னார்கள். எனக்குக் கேட்டுவிட்டது.

எனக்கு எல்லாம் தெரியும் என்பதை ஜெனோவா அம்மாவிடம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டிருக்கிறாள்.

நான் பையை வாங்கிக்கொண்டேன். "கழட்டிருங்கம்மா. தலவலி வந்துரும்."

மகளைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மெதுவாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

இப்போது மின்ஜீ அவள் ஊரில். ஜெனோவா கல்யாணமாகி புஜைராவில். அவள் அம்மா பாசிக்குப் போவதை விட்டாயிற்று. அன்று வெறும் குரல்தான், குரலை வைத்து யாரும் யாராகவும் இருக்க முடிந்தது. இன்று எல்லாம் வீடியோ கால். அடுப்படி தெரிகிறது, நரை தெரிகிறது, காய்த்துப்போன விரல்கள் தெரிகின்றன. நான் "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறேன், ஒவ்வொரு தடவையும் கவனமாக.

போன வாரம் பேசும்போது கேட்டார்கள்:

"ஏந் தாயி, இப்பல்லாம் டீச்சரம்மான்னு கூப்பிட மாட்டேங்குற? அது நல்லாருந்துச்சே."