சென்னை இல்ல தம்பி, சங்கரன்கோவில்!

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் கேரம் விளையாடிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய? மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள், பேரனைப் பார்த்துக்கொள்ள. இங்கே நானும் டி.வி.யும்தான்.

எதிரில் ஆடியவன் முகம் தெரியாத ஒருவன். தோற்றதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. சாட்டில் நீளமாய் ஒரு நம்பரைப் போட்டான்.

“பெருசு, இது உன் ஐ.பி. அட்ரஸ். நீ சென்னையிலதான இருக்க? ஆள் அனுப்பவா?”

பயந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? திருத்தினேன்!

“சென்னை இல்ல தம்பி, சங்கரன்கோவில். வாட்டர் டேங்க் பக்கம், பச்சை கேட்டு. நான் மட்டுந்தான் இருக்கேன். வந்தா டீ குடிச்சிட்டுப் போலாம்.”

பிறகு...

“தனியாவா இருக்க? சரி... சரி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டைப் பூட்டிவிட்டு மகளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

“அப்பா, ஒரு சைட்டைத் திறந்தா, பதிலை எங்க அனுப்பணும்னு அதுக்குத் தெரியணும்லா? அதுக்குத்தான் அந்த நம்பர். சில கேம்ல கூட ஆடுறவனுக்கும் தெரியும். அத வச்சு ஊரே தோராயமாத்தான் காட்டும். இவனுக்குத் தப்பாக் காட்டியிருக்கு. சும்மா இருந்தா தப்பிச்சிருப்பீங்க... பச்சை கேட்டு வரைக்குமா சொல்லுவீங்க?”

“ஏட்டி, அவன் ஊரைத் தப்பாச் சொல்லுதான். எப்படிச் சும்மா இருக்க?”

“டீக்கு வேற கூப்பிட்டிருக்கீங்க!”

“எந்த ஊருன்னு நம்மள ஒருத்தர் கேட்டே எவ்வளவு நாளாச்சு மக்கா...”

மகள் மெதுவாக, அவனை பிளாக் செய்வது எப்படி என்று சொல்லித்தந்தாள். பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடமும் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

இதுவரை யாரும் வரவில்லை. ஆனாலும் தெருவில் பைக் நின்றால் எட்டிப் பார்க்கிறேன். பயத்தில்தானா? எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பிள்ளைகளே, ஐ.பி. நம்பரைக் காட்டி எவனாவது மிரட்டினால் பதில் போடாதீர்கள். பெயர், பள்ளிக்கூடம், வீட்டில் யார் யார் — எதையும் சொல்லாதீர்கள். உடனே பெரியவர்களிடம் காட்டுங்கள். அப்படியே, வெளியூரில் இருக்கும் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இன்று ஒரு போன் போட்டுவிடுங்கள்...

பேச ஆளில்லாதவனுக்கு எந்தப் பாஸ்வேர்டும் காவல் இல்லை.