சந்துச் சுவரில் ஒரு வரி

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குக் குறுக்கே போகும் சந்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடாத பெண் கிடையாது. அங்கிருந்த நீளச் சுவர் தங்கள் அவசரத்துக்கென்றே கட்டியது என்று ஆண்களுக்கு நினைப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மோட்டாருக்குச் செம்புக்கம்பி காயில் சுற்றும் கம்பெனியில் என் பக்கத்து மேஜைக்காரியும் நானும் தினமும் அப்படித்தான் ஓடினோம். சாமி படம் ஒட்டிவிடலாம் என்றாள் அவள். சாமி என்ன பாவம் செய்தது என்று எனக்குக் கோபம் வந்தது.

ஒரு ஞாயிறு காலை, பொங்கலுக்கு அடித்து மீந்த சுண்ணாம்பையும் கம்பெனியில் மிஞ்சிய சிவப்பு வார்னிஷையும் எடுத்துப் போய்க் கோணல்மாணலாக எழுதினோம்:

‘போகிற இடம் எங்கேயும் போகாது. கொஞ்சம் நில்லுங்கள்.’

மறுநாள் நிஜமாகவே நின்றார்கள். கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். சுவரைப் பார்த்து அவசரமாக வந்த ஒருவர், வரியைப் படித்து, வந்த வேலையை விட்டு ஓரமாகக் கைகட்டி நின்றார். ஏதோ சோப்பு விளம்பரத்தின் முதல் பாதி, மீதி நாளைக்கு வரும் என்று சிலர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும், அதுவும் நிற்பதுதானே. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கல்யாணப் பெண்கள் மாதிரி மெதுவாக நடந்தோம். இரண்டு ரயிலை வேண்டுமென்றே விட்டோம்.

அப்புறம் தேர்தல் வந்தது. ‘ரிசர்வ்’ என்று வருஷத்தோடு எழுதிவைக்காத சுவர், முதலில் வெள்ளையடிக்கும் கட்சிக்குச் சொந்தம். அந்த ஒரு வார்த்தையை எழுத எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் சுவர் முழுக்க வெள்ளை. ஏணிமேல் பெயிண்டர். நாளைக்கே பழைய நாற்றம் திரும்பிவிடும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது நாங்கள் எழுதியது என்று கத்தினேன். தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் இறங்கி வந்தார்.

“நீங்கதானாம்மா அது? வெள்ள அடிக்கிறதுக்கு முன்னால நானே அரை மணி நின்னுகினு இருந்தேன். எழுத்துதான் சகிக்கல.”

பிறகு ஏணியை நகர்த்தி, நூல் பிடித்துக் கோடு போட்டு, அதே வரியை நீலத்தில் ஆளுயரத்துக்கு எழுத ஆரம்பித்தார். கட்சிக்காரர்கள் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“செவுரு ஈரமாக் கீது, சின்னம் நிக்காதுன்னு சொல்லிட்டு, பக்கத்து செவுத்துல ரெண்டாப் போட்டுட்றேன். நீங்க போங்கம்மா, ரயில் வந்துடும்.”

நாங்கள் போகவில்லை. கடைசி எழுத்து காயும்வரை அங்கேயே நின்றோம்.