பூசையில் வைத்த துவக்குகள்

என் கணவரிடம் ஆறு துவக்குகள் இருந்தன. இப்படித் தொடங்கினால் வாசிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று தெரியும். ஆனால் உண்மையை வேறு எப்படித் தொடங்குவது? ஆறும் நூறு வருடத்துப் பழசு. ஆறும் பிரித்தானிய இராணுவத்துக்கென்று செய்யப்பட்ட 303 வகை. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டு நிலவறையில், ஓர் இரும்புப் பெட்டகத்துக்குள், என்னைவிட நல்ல கவனிப்போடு அவை இருந்தன. எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை தருவார். அவற்றுக்குக் கொஞ்சம் ஈரம் பட்டாலே மனிதர் சாப்பிட வரமாட்டார்.

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த ஆள் துவக்குச் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருபது வயதில் சைக்கிளில் போனவரை ஒரு சந்தியில் மறித்து, நெஞ்சில் இப்படி ஒரு 303-ஐ வைத்து, அரை மணித்தியாலம் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். அந்த அரை மணித்தியாலமும் அவர் துவக்கைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாராம். மரத்தில் மூன்று முடிச்சுகள் இருந்தனவாம், பித்தளையில் ஓர் இலக்கம் இருந்ததாம். மற்றவர்களுக்குப் பயத்தில் தலை சுற்றும். இவருக்கு ஆராய்ச்சி பிறந்திருக்கிறது. பிறகு இங்கே வந்து லேத் பட்டறையில் வேலை செய்த காலத்தில், கூட வேலை செய்த ஜேர்மன்காரர் ஒருவர் தன்னுடைய துப்பாக்கிக் கழகத்துக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சுவரில் அதே துவக்கு மாட்டியிருந்ததாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்தபடி ஒரு மணித்தியாலம் பேசினார். நான் மீன்குழம்பு ஆறிப்போகிறது என்று மட்டும் சொன்னேன்.

இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்க ஆசை போதாது, காரணம் வேண்டும். தான் எதை, ஏன் சேர்க்கப்போகிறேன் என்று பதினான்கு பக்கத்தில் ஒரு அன்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதி அதிகாரிகளிடம் கொடுத்தார். என்னைப் பெண் கேட்டு எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். அதிகாரிகள் சம்மதித்துவிட்டார்கள், ஆனால் கண்டிப்பான நிபந்தனையோடு: பெட்டகத்தின் இலக்கம் அவர் ஒருவருக்குத்தான் தெரியலாம். கட்டின மனைவியானாலும் தொடக்கூடாது. தொட்டது தெரிந்தால் அவர் நம்பத்தகாத ஆள் ஆகிவிடுவார். ஆறையும் எடுத்துக்கொண்டுபோய் உருக்கிவிடுவார்கள்.

எனக்கு அவற்றைக் கண்டாலே பிடிக்காது. அதை ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. நானும் ஓடிவந்தவள்தான். நான் மேலே படுத்திருக்க, கீழே ஆறு துவக்குகள் கண் விழித்திருக்கின்றன என்ற நினைப்பில் எத்தனையோ நாள் எனக்குச் சரியான நித்திரை இல்லை. அவரோ மாதம் ஒருமுறை ஒன்றைக் கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி வருவார்.

அப்போதுதான் ஒரு நவராத்திரி வந்தது. ஒன்பதாம் நாள் ஆயுத பூசைக்கு வழக்கம்போல என் தையல் மெசின், அரிவாள், மகளின் புத்தகங்கள், அவருடைய அளவுகோல்கள் எல்லாவற்றையும் சாமி முன் வைத்துச் சந்தனம் குங்குமம் பூசினேன். பூசையில் வைத்த பொருளை விசயதசமி அன்று எடுக்கும்வரை யாரும் தொடமாட்டோம். ஒரு பென்சில்கூட எடுக்க மகளை விடமாட்டேன். தையல் மெசினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. கீழே இருக்கிற ஆறையும் பூசையில் வைத்துவிட்டு, விசயதசமிக்கு எடுக்காமலே விட்டால்? அவை பூசையிலேயே இருக்கும். பூசையில் இருக்கிறதை ஒருவரும் பாவிக்க ஏலாது. சட்டம் தெரிந்த அதிகாரிகளுக்கே இப்படியொரு சட்டம் தோன்றியிருக்காது.

அவர் பகல் வேலைக்குப் போயிருந்தார். பெட்டகத்தின் முன்னால் நின்று முதலில் எங்கள் கலியாண நாளை அமத்திப் பார்த்தேன். திறக்கவில்லை. கொஞ்சம் மனவருத்தமாகத்தான் இருந்தது. மகளின் பிறந்தநாளை அமத்தினேன். அதுவும் இல்லை. மூன்றாவதாக, அகதியாக வந்த காலத்தில் அவருக்குக் கொடுத்த கோப்பு இலக்கத்தின் கடைசி ஆறு எண்கள். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கதவு திறந்தது. ஒவ்வொன்றின் மரக்கட்டையிலும், அடியில் இரும்புத் தகடு முட்டுகிற இடத்தில், ஒருவருக்கும் தெரியாதமாதிரிச் சின்னதாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். கற்பூரம் கொளுத்தவில்லை, அவ்வளவு புத்தி இருந்தது. "இனி எழும்பாதேங்கோ" என்று ஆறுக்கும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அன்றிரவு நல்ல நித்திரை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே நாள், அதே வேலை. அவர் ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் சிக்கலானது. ஆயுத பூசை அன்று பூவும் மாதுளம்பழமும் வாங்கிவரச் சொல்லித் தமிழ்க் கடைக்கு அனுப்பிவிடுவேன். பத்து நிமிட நடைதான். ஆனால் கதை கண்டால் நேரம் தெரியாத மனிதர், இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வருவார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நல்லவேளையாக, முதல் பூசை முடிந்த அந்த மாதமே அவருக்கு வலது தோளில் வலி வந்து, சுடப் போவதையும் நிறுத்திவிட்டார். அம்பாள் கண் திறந்துவிட்டாள் என்று எண்ணி, வெள்ளிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் சூடாக்கி அந்தத் தோளில் தேய்த்துவிட்டேன். பதினேழு வருடம் தேய்த்தேன்.

போன வருடம் அவருடைய முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். படி ஏறி இறங்குவது பெரும்பாடாகிவிட்டது. லிஃப்ட் உள்ள கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெட்டகத்தின் பாரத்தைத் தரை தாங்காது, கொண்டுவர விடமாட்டேன் என்று வீட்டுக்காரர் எழுதிவிட்டார். பெட்டகம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கவும் முடியாது. ஆறுக்கும் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

கொலோனில் இருக்கும் மகளிடம் கேட்டார். வீட்டில் ஒரு எலிப்பொறிகூட வைக்கமாட்டேன் என்கிற பிள்ளை அவள். தனக்கு வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். பழைய ஆயுதம் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்தார். பிரித்து விற்பாராம், சுடுகிறவர்கள்தான் வாங்குவார்களாம். அதைக் கேட்டதும் இவருடைய முகம் கறுத்துப்போய்விட்டது. காவல் நிலையத்தில் கொடுக்கலாம், உருக்கிவிடுவார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் தேத்தண்ணியை முன்னால் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்.

"ஆறும் ஒண்டா இருக்க வேணும். இனி ஒருத்தற்ற நெஞ்சிலயும் அதுகளை வைக்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு."

இருபது வயதுப் பெடியன் ஒருவனை அந்த முகத்தில் கண்டேன். அவரோடு எவ்வளவு நாள் பகிடி பண்ணியிருக்கிறேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஓர் அருங்காட்சியகம் சம்மதித்தது. ஆறையும் சேர்த்து, கண்ணாடிக்குள் வைப்பார்கள், யாரும் சுடமாட்டார்கள். டெர்மின் வைத்து, நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்து, ஒரு பெண்மணி வந்தார். வெள்ளைக் கையுறை, நெற்றியில் மாட்டிய பூதக்கண்ணாடி, கையில் ஒரு படிவம். தன்னிடம் வந்த நாள் முதல் தன்னைத் தவிர வேறு எவரும் இவற்றைத் தொட்டதில்லை என்று என் கணவர் கையெழுத்துப் போட்டார். நான் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு கட்லட் கருகிப்போயிற்று.

தட்டோடு கீழே போனபோது அந்தப் பெண்மணி ஆறாவது துவக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மரத்துக்கும் தகட்டுக்கும் இடையில் மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறது, நடுவில் சிவப்பு, ஆறிலும் ஒரே இடத்தில் இருக்கிறது என்றார். இது என்னவென்று தெரியாமல் எடுக்க முடியாது, யாரோ அண்மையில் ஏதோ பூசியிருக்கிறார்கள், அதிகாரிகளிடமும் கேட்கவேண்டி வரும் என்றார். என் கணவரின் கையெழுத்து பொய்யாகிவிடும். ஆறும் உலைக்குள் போய்விடும். எழும்பாதே என்று சொல்லிச் சொல்லி நானே கொள்ளி வைத்துவிட்டேன்.

என் கணவர் அவசரப்படவில்லை. ஒரு கட்லட்டை எடுத்துக் கடித்துவிட்டு, இது எங்கள் வழக்கம் என்று ஜேர்மன் மொழியில் விளக்கினார். வருடத்தில் ஒரு நாள் கருவிகளுக்கு ஓய்வு கொடுத்து மரியாதை செய்வோம், இதைத் தான்தான் பூசினேன் என்றார். பெண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. எப்படிச் செய்வீர்கள் என்று எழுதத் தொடங்கினார். சாமி அறைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர் சொல்லச் சொல்ல எழுதினார்: முதலில் குங்குமம், அதன்மேல் சந்தனம்.

சந்தனத்தின்மேல் குங்குமம் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஓர் அருங்காட்சியகத்தின் பதிவேட்டில், நூறு வருடம் இருக்கப்போகிற இடத்தில், தலைகீழாக ஏறிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லோரும் தப்புவோம். எனக்குத் தெரியும். ஆனால் முடியவில்லை. முதலில் சந்தனம், இவர் எப்போதும் மாற்றித்தான் சொல்வார் என்று சொல்லிவிட்டேன். பெண்மணி பூதக்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு எழுதியதை வெட்டித் திருத்தி எழுதிவிட்டு, கட்லட்டில் என்ன மீன் போட்டேன் என்று கேட்டார். கறைகளைத் துடைக்கமாட்டோம், அவையும் இவற்றின் வரலாறுதான் என்றும் சொன்னார்.

இரண்டு கிழமையில் ஆறும் போயின. ஏற்றிக்கொண்டுபோன பிறகு அவர் வெறும் பெட்டகத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கிப் போனேன்.

"எனக்கு முதல் வருசமே தெரியும்" என்றார். "பூட்டில ரெண்டு தரம் பிழையெண்டு பதிஞ்சிருந்தது. உள்ளுக்குப் பாத்தா எல்லாத்துக்கும் பொட்டு. கள்ளன் எண்டால் பொட்டு வச்சிட்டே போவான்?"

நெஞ்சில் துவக்கு இருந்த நேரத்திலும் மரத்தின் முடிச்சுகளை எண்ணிய மனிதர். அவருடைய கண்ணுக்கு என் பொட்டு தப்பும் என்று பதினேழு வருடம் நம்பியிருக்கிறேன்.

"பிறகேன் இலக்கத்தை மாத்தேல்லை?"

"மாத்தினால் நீர் எப்பிடிப் பூசை செய்யிறது? தமிழ்க் கடையில நிண்டு நிண்டு எனக்குக் கால்தான் உளைஞ்சது." வெறும் பெட்டகத்தின் கதவைச் சாத்தினார். "நீர் பூசையில வச்சிட்டு எடுக்கேல்லை. பூசையில இருக்கிறதை எடுத்துச் சுட எனக்கு மனம் வரேல்லை."

"அப்ப தோள்?"

"தோளுக்கு ஒண்டுமில்லை."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

பிறகு அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு துவக்குகளுக்கும் உரிமையாளர் தம் கையால் வருடம்தோறும் பூசை செய்து வந்தார் என்று அதில் இருந்தது. சந்தனமும் குங்குமமும் சரியான ஒழுங்கில் இருந்தன. அதை அவர் உரத்து, இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை புது வீட்டில் வழக்கம்போல எண்ணெய் சூடாக்கினேன். அவரும் வழக்கம்போலச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கதிரையில் வந்து இருந்தார். எழுப்பிவிட்டு, அந்தக் கதிரையில் நான் இருந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து, என் வலது தோளைக் காட்டினேன். பதினேழு வருடத்துக்கு வலிக்கப்போகிறது என்று சொன்னேன்.